முதலில் ரத்தம், பிறகு மாத்திரை

1911 பிப்ரவரி 21ஆம் தேதி நியூயார்க்கின் கார்னகி ஹாலில் இசை நடத்துநர் குஸ்தாவ் மாலர் காய்ச்சலோடு மேடையேறினார். தொண்டைப் புண், ஃப்ளூ என்றே முதலில் நினைத்தார்கள். காய்ச்சல் விடுவதும் வருவதுமாக இழுத்தது. அவருடைய இதய வால்வில் கோளாறு இருப்பது 1907லேயே தெரிந்திருந்ததால், மருத்துவர் இமானுவேல் லிப்மனை அழைத்தார்கள். ரத்தம் எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு வைத்ததில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வளர்ந்தது. நோய் இன்னதென்று சரியாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். கொடுக்கத்தான் மருந்தில்லை. மே 18 அன்று வியன்னாவில் மாலர் இறந்தார். வயது 50.

மாலரின் வால்வுக் கோளாறு பிறவியில் வந்ததல்ல. ருமாட்டிக் காய்ச்சல் விட்டுப்போன தழும்பு என்பதே பெரும்பாலோர் கணிப்பு. இருந்தும் அவரை இங்கே இழுத்து வரக் காரணம் இருக்கிறது. அன்று சோதனை இருந்தது, மருந்து இல்லை. இன்று மருந்து தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிறது, தவறிப்போவது சோதனைதான். காய்ச்சல் என்றதும் ஆன்டிபயாடிக் மாத்திரை மூன்றை வாங்கி விழுங்கிவிட்டு, அப்புறம் மருத்துவமனைக்குப் போய் எடுக்கும் ரத்தத்தில் பல நேரம் கிருமி வளராது. இதயத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமி செத்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. எந்தக் கிருமி என்று தெரியாமல் ஆறு வாரம் மருந்து ஏற்ற வேண்டிய நிலைமை அங்கேதான் தொடங்குகிறது.

பிறவி இதயக் குறையோடு வளர்ந்து, இப்போது வேலைக்குப் போய்க்கொண்டோ பிள்ளை வளர்த்துக்கொண்டோ இருப்பவர்களுக்கும், அவர்கள் வீட்டாருக்கும் இந்த அத்தியாயம்.

## நோயைப் பற்றி இவ்வளவு போதும்

இதயத்தின் உட்சுவர் வழுவழுப்பானது. கிருமி அதில் லேசில் ஒட்டாது. ஓட்டையோ குறுகிய வால்வோ இருந்தால், குழாய் முனையை விரலால் அழுத்தியதுபோல ரத்தம் அங்கே பீய்ச்சி அடிக்கும். பீய்ச்சல் படும் இடம் சொரசொரப்பாகி, அதில் நுண்ணிய ரத்தக்கட்டு படியும். ஈறிலிருந்தோ தோலிலிருந்தோ ரத்தத்தில் கலந்த கிருமி அதைப் பற்றிக்கொண்டு பெருகும். எக்கோ திரையில் வால்வோடு சேர்ந்து ஆடும் அந்தத் திட்டை மருத்துவர்கள் வெஜிடேஷன் என்பார்கள். அது வால்வை அரிக்கும். துணுக்காக உடைந்து மூளைக்கோ நுரையீரலுக்கோ போய் அடைக்கும். மருத்துவக் கோப்பில் இதன் பெயர் இன்ஃபெக்டிவ் எண்டோகார்டைட்டிஸ்.

எல்லாப் பிறவிக் குறையும் ஒன்றல்ல. மேலறைகளுக்கு நடுவில் ஓட்டை மட்டும் உள்ளவருக்கு இந்தத் தொற்று மிக அபூர்வம், ஏனென்றால் அங்கே பீய்ச்சல் இல்லை. நெதர்லாந்தில் பிறவி இதயக் குறை உள்ள பெரியவர்களுக்கென்றே கான்கார் என்ற பதிவேடு நடக்கிறது. அதிலுள்ள 14,000க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்ததில், ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 1.33 பேருக்குத் தொற்று வந்திருந்தது. எண்ணிக்கை சிறிதுதான்; ஆனால் சாதாரண மக்களுக்கு வருவதைவிடப் பல மடங்கு அதிகம்.

## முதல் வேலை: எந்த வரிசையில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வது

அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் இரண்டுமே மிகுந்த ஆபத்துள்ளவர்கள் என்று சிலரைத் தனியாகப் பிரிக்கின்றன. பல் சிகிச்சைக்கு முன் மாத்திரை போடுவது இவர்களுக்கு மட்டும்தான்.

1. செயற்கை வால்வு வைத்தவர். உலோகம், மாடு அல்லது பன்றியின் திசு, தொடை ரத்தக்குழாய் வழியே பொருத்தியது, எதுவானாலும் சேரும். வால்வைச் செப்பனிட வைத்த வளையமும் சேரும்.
2. இந்தத் தொற்று ஏற்கெனவே ஒருமுறை வந்து போனவர்.
3. நீலம் பாரிக்கும் பிறவிக் குறை உள்ளவர்களில் முழுமையாகச் சரிசெய்யப்படாதவர். தற்காலிகமாக ஷன்ட் என்னும் ரத்தத்தைத் திருப்பிவிடும் இணைப்பு வைத்துக்கொண்டிருப்பவரும் இதில் அடக்கம்.
4. ஒட்டோ அடைப்பானோ வைத்து ஓட்டையைச் சரிசெய்து ஆறு மாதம் ஆகாதவர். ஆறு மாதத்துக்குள் அதன்மேல் இதயத்தின் சொந்தத் தோல் வளர்ந்து மூடிவிடும். ஒட்டின் ஓரத்தில் கசிவு மிச்சமிருந்தால் மட்டும் இந்தக் கெடு நீளும்.

ஒரே ஆள் ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம். நடிகர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் மூன்று இதழ் இருக்க வேண்டிய பெருந்தமனி வால்வில் இரண்டு இதழோடு பிறந்தவர். அந்தக் குறை மட்டும் இருந்தவரை அவருக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. 1997இல் அதோடு நுரையீரல் வால்வையும் சேர்த்து மாற்றிய அறுவை நடந்ததும் முதல் வரிசைக்கு வந்துவிட்டார். 2018இல் நுரையீரல் வால்வையும் 2020இல் பெருந்தமனி வால்வையும் மீண்டும் மாற்ற வேண்டியிருந்தது. “சின்ன வயசுலயே ஆபரேஷன் பண்ணியாச்சு, இனிமே ஒண்ணும் இல்ல” என்று சொல்லிக்கொள்பவர்கள் பலர். தொற்றைப் பொறுத்தவரை சில அறுவைகள் ஆபத்தைக் குறைக்கும், சில கூட்டும்.

அதனால் இதய மருத்துவரைப் பார்க்கும் அடுத்த தடவை மூன்று கேள்விகள் கேட்டு, விடையைக் கோப்பில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்குள் என்னென்ன செயற்கைப் பொருள் இருக்கிறது? கசிவு மிச்சமிருக்கிறதா? பல் பிடுங்குவதற்கு முன் எனக்கு மருந்து வேண்டுமா, எது, எவ்வளவு?

## அன்றாட வேலை: ஈறு

பெரிய சிகிச்சை நடக்கும் நாளில்தான் கிருமி ரத்தத்தில் கலக்கும் என்ற நினைப்பு பரவலாக உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் பீட்டர் லாக்ஹார்ட் குழுவினர் 290 பேரிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. மருந்தில்லாமல் பல் பிடுங்கியவர்களில் 60 சதவீதம் பேரின் ரத்தத்தில் இதயத் தொற்றோடு தொடர்புள்ள கிருமிகள் இருந்தன. அமாக்ஸிசிலின் போட்டுக்கொண்டு பிடுங்கியவர்களில் 33 சதவீதம். வெறுமனே பல் துலக்கியவர்களில் 23 சதவீதம். பல் பிடுங்குவது வாழ்நாளில் சில தடவை. துலக்குவது தினமும் இரண்டு தடவை. அதே குழு இன்னொன்றையும் கண்டது: துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிபவருக்குக் கிருமி கலக்கும் வாய்ப்பு ஏறக்குறைய எட்டு மடங்கு.

அதற்காகத் துலக்காமல் இருந்துவிட முடியாது. ஈறு கெட்டிப்பட்டால் கசிவு நிற்கும். அதுதான் வழி.

1. காலையும் இரவும் ஃப்ளூரைடு பேஸ்ட்டால் இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். மென்மையான தூரிகை போதும். செங்கல் தூளும் உப்பும் ஈறைக் கிழிக்கும்.
2. பல்லிடுக்கை நூலாலோ சிறு தூரிகையாலோ சுத்தம் செய்ய வேண்டும். குச்சியும் ஊக்கும் வேண்டாம். சாப்பிட்டதும் ஊக்கால் பல் குத்தும் பழக்கம் ஈறில் தினமும் ஒரு புண்ணை உண்டாக்குகிறது.
3. துலக்கித் துப்பும்போது எச்சிலின் நிறத்தைப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் தொடர்ந்து சிவப்பாக இருந்தால் பல் மருத்துவரிடம் போக வேண்டும்.
4. மேலே சொன்ன நான்கு வரிசைகளில் இருப்பவர் ஆண்டுக்கு இருமுறையும், மற்றவர் ஒருமுறையும் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.
5. வால்வு அறுவைக்கு நாள் குறித்திருந்தால் சொத்தைப் பல், சீழ் எல்லாவற்றையும் அதற்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும்.

வெற்றிலை பாக்கு, புகையிலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஈறை அரிப்பதில் இரண்டுக்கும் பெயர் உண்டு.

## பல் மருத்துவரிடம் போகும் நாள்

ஈறைக் கிளறும், பல்லின் வேர்முனையைத் தொடும், வாயின் உட்தோலைத் துளைக்கும் சிகிச்சைகளுக்கே முன்மருந்து. பல் பிடுங்குதல், ஸ்கேலிங், ரூட் கேனால் இதில் வரும். எக்ஸ்ரே எடுக்க, கழற்றி மாட்டும் பல்செட் பொருத்த, பல் கம்பியை முடுக்க, தொற்றில்லாத இடத்தில் மரப்பு ஊசி போட முன்மருந்து வேண்டாம்.

1. நேரம் குறிக்கும்போதே தொலைபேசியில் இதயக் குறையைச் சொல்லிவிட வேண்டும். நாற்காலியில் சாய்ந்த பிறகு சொன்னால் அன்றைய வேலை தள்ளிப்போகும், அல்லது அவசரத்தில் ஏதோ ஒன்று நடக்கும்.
2. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு அமாக்ஸிசிலின் 2 கிராம், ஒரே வேளையாக. கடையில் கிடைப்பது 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல் என்றால் நான்கு. வாங்குவதும் போடுவதும் மருத்துவர் எழுதிக் கொடுத்தபடிதான்.
3. சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு விழுங்க வேண்டும். காத்திருப்பு நீளும் கிளினிக் என்றால், அங்கே போய் முறை வரும் நேரம் தெரிந்த பிறகு போடலாம்.
4. மறந்துவிட்டால், சிகிச்சை முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் போடலாம்.
5. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் மாற்றாக அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் அல்லது டாக்ஸிசைக்கிளின் 100 மில்லிகிராம் எழுதுவார்கள். செஃபலெக்ஸின் 2 கிராமும் மாற்று மருந்துதான். ஆனால் பெனிசிலினால் தடிப்போ, முகவீக்கமோ, மூச்சடைப்போ வந்தவருக்கு அது கூடாது. முன்பு வழக்கத்திலிருந்த கிளிண்டமைசினை 2021இல் அமெரிக்க இதயச் சங்கம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பழைய சீட்டு வைத்திருப்பவர் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.
6. ஏற்கெனவே வேறு காரணத்துக்காக ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதைச் சொல்ல வேண்டும். அதே வகையில் இன்னொரு வேளை கூட்டுவதைவிட வேறு வகையைத் தேர்ந்தெடுப்பார்கள்.

கவனம்: உலோக வால்வுக்காக ரத்த உறைதல் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர், பல் பிடுங்குவதற்காக அதைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. வால்வில் கட்டு பிடித்தால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனையைப் பார்த்துவிட்டு என்ன செய்யலாம் என்று முடிவெடுக்க வேண்டியவர் இதய மருத்துவர்.

ஒரு மருத்துவர் முன்மருந்து வேண்டும் என்பார். இன்னொருவர் இதெல்லாம் பழைய கதை என்பார். இரண்டு பேச்சுக்கும் பின்னணி இருக்கிறது. 2007இல் அமெரிக்க இதயச் சங்கம் முன்மருந்தை மிகுந்த ஆபத்துள்ளவர்களோடு நிறுத்திக்கொண்டது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2008இல் எவருக்குமே வேண்டாம் என்றது; 2016இல் ‘வழக்கமாக’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து, தேவைப்பட்டவருக்குக் கொடுக்க இடம்விட்டது. இந்த விவாதத்தை நோயாளி தீர்த்துவைக்க வேண்டியதில்லை. தன் இதய மருத்துவர் எழுதிய சீட்டு கையில் இருந்தால் பல் மருத்துவரிடம் வாதாட வேண்டிய வேலை மிச்சம்.

## தோலும் ஊசியும்

இதயத்தை மிக வேகமாக அரிக்கும் கிருமி ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். அதன் வீடு வாயல்ல, தோலும் மூக்கும். கட்டி, சீழ்ப்புண், நகச்சுற்று எதையும் கிள்ளவோ பிதுக்கவோ கூடாது. நகம் கடிப்பதையும் விட்டுவிட வேண்டும். நீலம் பாரித்தவர்களுக்கு முகப்பரு அதிகம் வரும். அதை அழகுப் பிரச்சினை என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

பச்சை குத்துவதும், உடம்பில் புதிதாகத் துளையிட்டு நகை மாட்டுவதும் மிகுந்த ஆபத்துள்ளவர்களுக்கு வேண்டாம் என்பதே வழிகாட்டுதல்களின் நிலைப்பாடு. வீட்டில் மூக்குக் குத்தும் பேச்சு எழுந்தால் அதற்கு முன் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். நாக்கில் துளையிடுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு வாசல் நம் ஊரில் நாமே கேட்டுத் திறந்துகொள்வது. உடம்பு அசதியாக இருக்கிறது, “ஒரு ட்ரிப்ஸ் போட்டுவிடுங்க டாக்டர்” என்பது. கையில் செருகும் ஒவ்வொரு குழாயும் தோலிலிருந்து ரத்தத்துக்குப் போடும் பாலம். தேவையில்லாமல் போடக் கூடாது. போட்டால், தேவை முடிந்த உடனே எடுத்துவிட வேண்டும். ‘இருக்கட்டும், நாளைக்கும் உதவும்’ என்று கையிலேயே விட்டுவைக்கக் கூடாது. நீலம் பாரித்தவருக்கு ஏற்றும்போது குழாயில் காற்றுக் குமிழி இருக்கவே கூடாது. அது நுரையீரலைச் சுற்றிக்கொண்டு நேரே மூளைக்குப் போய்விடும். அதற்கென வடிகட்டி உண்டு. செவிலியரிடம் கேட்கலாம்.

## காய்ச்சல் வந்துவிட்டால்

இந்த அத்தியாயத்தில் மற்ற பக்கங்களை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. இதயத் தொற்று வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குக் காய்ச்சல் இருக்கும். ஆனால் அது 104 டிகிரி அனலாக வர வேண்டியதில்லை. மாலையில் லேசான காய்ச்சல், இரவில் வேர்வை, காலையில் சரி. பசியில்லை, பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போயிருக்கும். இப்படி வாரக்கணக்கில் ஊர்ந்து வருவதே அதிகம்.

1. அளக்க வேண்டும். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது கணக்கில் சேராது. வெப்பமானியில் அளந்து தேதியோடும் நேரத்தோடும் எழுத வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல். அளந்த பிறகே பாரசிட்டமால்.
2. காரணம் தேட வேண்டும். மூக்கொழுகல், இருமல், வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு அதே தொல்லை என்றால் இரண்டு நாள் பார்க்கலாம். காரணமே தெரியாத காய்ச்சலென்றால் 48 மணி நேரத்தைத் தாண்டவிடக் கூடாது. குளிர்நடுக்கம் வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.
3. வீட்டிலுள்ள ஆன்டிபயாடிக்கைத் தொடக் கூடாது. மிச்சம் வைத்த மாத்திரை, பக்கத்து வீட்டார் கொடுத்தது, மருந்துக்கடைக்காரர் யோசனை, எதுவும்.
4. மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே சொல்ல வேண்டும். “டாக்டர், எனக்குப் பொறந்ததுலேர்ந்தே ஹார்ட்ல குறை. வால்வு மாத்தியிருக்கு. ஆன்டிபயாடிக் எழுதறதுக்கு முன்னாடி ப்ளட் கல்ச்சர் எடுத்துடலாமா?” இப்படிக் கேட்பதை மருத்துவருக்குப் பாடம் எடுப்பதாக நினைத்துத் தயங்குகிறார்கள். கூட்டம் நிரம்பிய வெளிநோயாளிப் பிரிவில் மருத்துவருக்கு அது உதவியாகவே இருக்கும்.
5. மூன்று முறை எடுக்கச் சொல்ல வேண்டும். வெவ்வேறு இடத்து நரம்புகளிலிருந்து, அரை மணி இடைவெளியில், மூன்று தொகுப்பு. ஒவ்வொரு புட்டிக்கும் சுமார் 10 மில்லி. ஒரே புட்டியில் கிருமி வளர்ந்தால் தோலிலிருந்து ஒட்டியதோ என்று சந்தேகம் வரும். மூன்றிலும் ஒன்றே வளர்ந்தால் சந்தேகமில்லை. காய்ச்சல் ஏறும் நேரத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இந்த நோயில் கிருமி ரத்தத்தில் இடைவிடாமல் கலந்துகொண்டே இருக்கும்.
6. பிறகு எக்கோ. நெஞ்சின்மேல் வைத்துப் பார்ப்பதில் தெளிவில்லை என்றால் உணவுக்குழாய் வழியே பார்ப்பார்கள். முதல் எக்கோவில் ஒன்றும் தெரியாவிட்டாலும் சந்தேகம் தொடர்ந்தால் ஐந்து முதல் ஏழு நாளில் மறுபடி பார்க்க வேண்டும். செயற்கை வால்விலும் செயற்கை ரத்தக்குழாயிலும் பெட் ஸ்கேன் உதவும்.

கவனம்: ரத்த அழுத்தம் விழுந்து, நினைவு தடுமாறி வந்தவருக்கு இந்த அரை மணிக் கணக்கெல்லாம் இல்லை. சில நிமிடங்களில் ரத்தம் எடுத்துவிட்டு உடனே மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். அதுவே சரி.

## எங்கே தவறுகிறது

பெரும்பாலும் கதை இப்படித்தான் ஓடும். காய்ச்சல் வரும். மூன்று நாள் மாத்திரை, காய்ச்சல் நிற்கும். ஒரு வாரத்தில் திரும்பி வரும். வைடால் சோதனையில் ஏதோ ஓர் எண் தெரிய, டைஃபாய்டு என்று ஐந்து நாள் ஊசி. மறுபடி நிற்கும், மறுபடி வரும். இந்த நிற்பதும் வருவதும்தான் துப்பு. ஆன்டிபயாடிக் போட்டால் அடங்கி, நிறுத்தினால் தலைதூக்கும் காய்ச்சல், இதயக் குறை உள்ளவரிடம் வேறு விதமாக நிரூபணமாகும்வரை இதயத் தொற்றுதான்.

வலது பக்க இதயத்தில் வந்தால் குழப்பம் இன்னும் அதிகம். ஃபாலோ டெட்ராலஜிக்காக அறுவை செய்து, நுரையீரல் வால்வு மாற்றியவர்களிடம் இதை எதிர்பார்க்க வேண்டும். குறிப்பாக, மாட்டின் கழுத்து ரத்தக்குழாயிலிருந்து செய்த வால்வுகளில் இந்தத் தொற்று கூடுதலாகவே காணப்பட்டிருக்கிறது. துணுக்குகள் நுரையீரலுக்குப் போவதால் இருமல், நெஞ்சுவலி, எக்ஸ்ரேயில் ஆங்காங்கே திட்டு. பார்ப்பவர் நிமோனியா என்பார், உடல் மெலிந்திருந்தால் காசநோய் என்பார். ‘நிமோனியா’ இரண்டாம் முறை வந்தால் இதயத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

வேறு சில சறுக்கல்களும் உண்டு. ரத்த உறைதல் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர் காய்ச்சலுக்கு இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டு தசைக்குள் ரத்தம் கட்டிப் படுப்பது ஒன்று. நீலம் பாரித்தவரின் தொடர் தலைவலியை ‘கண் பரிசோதனை பண்ணிக்கலாம்’ என்று தள்ளிப்போடுவது இன்னொன்று. நுரையீரல் நமக்கொரு வடிகட்டி. அவர்களுடைய ரத்தத்தில் ஒரு பங்கு அந்த வடிகட்டியைத் தாண்டாமலே மூளைக்குப் போகிறது. மூளையில் சீழ்க்கட்டி வருவது இப்படித்தான். தலைவலியோடு வாந்தியோ, காய்ச்சலோ, வலிப்போ சேர்ந்தால் அன்றைக்கே ஸ்கேன் எடுக்க வேண்டும்.

## உடனே 108ஐ அழைக்க

- வாய் கோணுதல், ஒரு கை துவளுதல், பேச்சுக் குழறல்
- படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்கார வேண்டியிருத்தல்
- மயங்கி விழுதல், நாடி மிக மெதுவாக ஓடுதல்
- ஒரு கையோ காலோ திடீரென வலித்துக் குளிர்ந்து வெளுத்தல்

பக்கவாதம் என்று கொண்டுபோனால் அவசரப் பிரிவில் வால்வையும் காய்ச்சலையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வழக்கமான பக்கவாதத்துக்குக் கட்டைக் கரைக்கும் ஊசி போடுவார்கள்; இதயத் தொற்றின் துணுக்கால் வந்த பக்கவாதத்தில் அது மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும் என்பதால் தவிர்ப்பார்கள்.

## மருத்துவமனையில் நாள் கணக்கு

சிகிச்சை நரம்பு வழி மருந்து, பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம். செயற்கை வால்வென்றால் ஆறு வாரத்துக்குக் குறையாது. வீட்டார் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: கணக்கு மருந்து தொடங்கிய நாளிலிருந்து ஓடாது. மறுபடி மறுபடி ரத்தம் எடுத்து, முதன்முதலாகக் கிருமி வளராமல் போன நாளிலிருந்துதான் அது ஓடத் தொடங்கும். ‘ஆறு வாரம் ஆச்சே, ஏன் விடமாட்டேங்கறாங்க’ என்று கோபப்படுவதற்கு முன் அந்தத் தேதியைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

உடனிருப்பவர் கவனிக்க வேண்டியவை சில. ஜென்டமைசின் கொடுக்கும்போது காதில் இரைச்சலோ நடையில் தள்ளாட்டமோ வந்தால் உடனே சொல்ல வேண்டும். சிறுநீர் அளவும் குறிக்க வேண்டும். ரிஃபாம்பிசின் சேர்த்தால் ரத்த உறைதல் தடுப்பு மாத்திரையின் வேகம் குறையும், ஐ.என்.ஆர். அடிக்கடி பார்க்க வேண்டும். குழாய் செருகிய இடம் சிவந்தாலோ வலித்தாலோ அதையும் சொல்ல வேண்டும்.

காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிடலாம். வீட்டுக்குப் போகும் ஆசை அப்போது வரும். டென்மார்க்கில் 400 பேரிடம் நடந்த போயட் ஆய்வு, இதயத்தின் இடது பக்கத் தொற்றில் நிலைமை சீரானவர்களை மீதி நாளுக்கு வாய்வழி மாத்திரைக்கு மாற்றலாம் என்று 2018இல் காட்டியது. உண்மைதான். ஆனால் அவர்களுக்குக் குறைந்தது பத்து நாள் நரம்பு வழி மருந்து முடிந்திருந்தது, எந்தக் கிருமி என்று தெரிந்திருந்தது, எக்கோ திருப்தியாக இருந்தது. இந்த முடிவை எடுக்க வேண்டியது மருத்துவர் குழு, கட்டில் வாடகை அல்ல.

ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும். இதயம் திணறும்போது, மருந்துக்குத் தொற்று அடங்காதபோது, பெரிய வெஜிடேஷன் உடைந்து மூளைக்குப் போகும் என்ற அச்சமிருக்கும்போது. தொற்றுள்ள இதயத்தில் கத்தி வைப்பதா என்று வீட்டார் மிரள்வார்கள். பிறவி இதயக் குறைக்கான அறுவையின் கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1937இல் பாஸ்டனில் ஜான் ஸ்ட்ரீடர், பிறந்ததும் மூட வேண்டிய இதய நாளம் மூடாமல் போய் அதில் தொற்று வந்த ஓர் இளம்பெண்ணுக்கு அந்த நாளத்தைக் கட்ட முயன்றார்; நான்காம் நாள் அந்தப் பெண் இறந்துபோனார். 1938 ஆகஸ்ட் 26 அன்று அதே ஊரில் ராபர்ட் கிராஸ் தொற்று வராத ஏழரை வயதுச் சிறுமிக்கு அதைச் செய்து வென்றார். 1940இல் நியூயார்க்கில் டூராஃபும் வெசலும் தொற்று வந்தவரின் நாளத்தையே கட்டிக் குணமாக்கினார்கள், பெனிசிலின் புழக்கத்துக்கு வராத காலத்தில்.

## வீடு திரும்பிய பிறகு

ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வரலாம். பட்டியலில் இரண்டாம் வரிசை இனி அவருக்கு நிரந்தரம். முதல் ஆண்டில் ஒன்று, மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்களில் மருத்துவரைப் பார்ப்பது வழக்கம். இடையில் காய்ச்சல் வந்தால் மேலே சொன்ன ஆறு படிகளும் முதலிலிருந்து, அதே வரிசையில். உணவில் பத்தியம் தேவையில்லை. போன பல்லுக்குப் பதில் பல் கட்டுவதாக இருந்தால் அதற்கு முன்மருந்து வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பர்ஸில் வைத்துக்கொள்ள ஓர் அட்டை எழுதிக்கொள்ளலாம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். வெளியூரில் மயங்கி விழுந்தால் இரண்டும் உதவும்.

1. குறையின் பெயர், செய்த அறுவைகள், ஆண்டு
2. உள்ளே இருக்கும் வால்வு, ஒட்டு, கருவி
3. சாப்பிடும் மாத்திரைகள், கடைசி ஐ.என்.ஆர்.
4. மருந்து ஒவ்வாமை
5. பல் சிகிச்சைக்கு முன் போட வேண்டிய மருந்தும் அளவும்
6. “காய்ச்சலென்றால் ஆன்டிபயாடிக்குக்கு முன் ரத்த வளர்ப்புச் சோதனை, மூன்று முறை” என்ற வரி, சிவப்பு மையில்
7. இதய மருத்துவரின் தொலைபேசி எண்ணும், வீட்டில் ஒருவருடையதும்

அட்டையை லேமினேட் செய்ய வேண்டாம். ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்த்து வந்ததும் அடித்துத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.